படிவத்திலிருந்து கிளவுட் தரவுத்தளம் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் ரத்ததானக் குழுவின் கொடையாளர் பட்டியல் முதலில் ஒரு நோட்டில் இருந்தது. பிறகு ஒருவருடைய போனுக்குப் போனது, அப்புறம் கூகுள் ஷீட்டுக்கு. கடைசியில் அதற்கென ஓர் இணையச் செயலி எழுதி, படிவத்தைக் கிளவுட் தரவுத்தளத்தோடு (இணையத்தில் வேறொரு நிறுவனத்தின் கணினியில் இருக்கும் தரவுத்தளம்) இணைக்கும் வேலை என்னிடம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு வேறு குழுக்காரர்கள், டியூஷன் நடத்துபவர்கள், கல்லூரி மாணவர்கள் எனப் பலரும் கேட்ட கேள்விகள் இவை. உதாரணத்துக்கு எல்லா இடத்திலும் அந்த ஒரே படிவத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன்: பெயர், ஆணா பெண்ணா, ரத்த வகை, போன் எண், ஊர், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி.

கூகுள் ஃபார்ம் போதாதா? எதற்குத் தனியாகத் தரவுத்தளம்?

பல நேரம் போதும். ஒரு முகாமுக்கு நூறு பேர் பெயர் கொடுக்கிறார்கள், முகாம் முடிந்ததும் பட்டியலின் வேலையும் முடிந்தது என்றால் கூகுள் ஃபார்மே சரி. அளவும் ஒரு பிரச்சினை இல்லை. ஒரு ஷீட் 1 கோடி செல்கள் வரை தாங்கும்.

கொடையாளர் தானே உள்ளே வந்து தன் தேதியை மாற்ற வேண்டும், ஆனால் அடுத்தவர் போன் எண் அவர் கண்ணில் படக்கூடாது என்ற நிலை வரும்போதுதான் ஷீட் கைவிடும். ஷீட்டில் சில செல்களைப் பூட்டலாம். அந்தப் பூட்டு திருத்துவதைத் தடுக்குமே தவிர, பார்ப்பதைத் தடுக்காது. தாளைப் பகிர்ந்துகொண்டால் மொத்தத் தாளும் தெரியும். யார் எந்த வரிசையைப் பார்க்கலாம் என்று வரிசைக்கு வரிசை சொல்ல வேண்டியிருந்தால் தரவுத்தளத்துக்கு மாறுங்கள்.

படிவத்திலிருந்து நேராகத் தரவுத்தளத்தில் எழுதலாமா? நடுவில் சர்வர் கட்டாயமா?

இரண்டு வழி உண்டு. பழைய வழியில் பிரவுசர் உங்கள் சர்வருக்கு அனுப்பும், சர்வர் சரிபார்த்துத் தரவுத்தளத்தில் எழுதும். தரவுத்தளத்தின் கடவுச்சொல் சர்வரில் மட்டும் இருக்கும். அந்தச் சர்வர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கணினியாக இருக்க வேண்டியதில்லை. கோரிக்கை வரும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் ஒரு சின்ன கிளவுட் ஃபங்ஷனே போதும்.

இன்னொரு வழி கூகுளின் பயர்பேஸில் உள்ள பயர்ஸ்டோர், சூப்பாபேஸ் போன்ற கிளவுட் தரவுத்தளச் சேவைகள் தருவது. இவற்றில் பிரவுசரே தரவுத்தளத்தோடு பேசும். நடுவில் இருந்த காவல்காரர் இல்லாமல் போய்விடவில்லை, தரவுத்தளத்தின் வாசலுக்கு இடம் மாறியிருக்கிறார். பயர்ஸ்டோரில் அவர் பெயர் செக்யூரிட்டி ரூல்ஸ். சூப்பாபேஸ் உள்ளே ஓடுவது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் என்பதால், அங்கே அது ரோ லெவல் செக்யூரிட்டி, அதாவது வரிசைக்கு வரிசை காவல். சுருக்கமாக ஆர்எல்எஸ் என்பார்கள். 2016 ஜனவரியில் வந்த போஸ்ட்கிரெஸ் 9.5இலிருந்து இது இருக்கிறது.

செய்யவே கூடாத மூன்றாவது வழியும் ஒன்று உண்டு: தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை ஜாவாஸ்கிரிப்ட் கோடில் எழுதிப் பிரவுசருக்கு அனுப்புவது. பிரவுசருக்குப் போன எதையும், பக்கத்தின் கோடைக் காட்டும் எஃப்12 பட்டனை அழுத்தத் தெரிந்த எவரும் படித்துவிடுவார்.

அப்படியென்றால் பயர்பேஸின் ஏபிஐ கீ பிரவுசரில் அப்படியே தெரிகிறதே?

தெரியட்டும். அது உங்கள் புராஜெக்ட் எது என்று சொல்லும் முகவரி, கதவின் சாவி அல்ல. சூப்பாபேஸின் ஏனான் கீயும் (இப்போது பப்ளிஷபிள் கீ என்ற பெயரிலும் வருகிறது) அப்படித்தான், ஆனால் ஆர்எல்எஸ் ஆன் செய்யப்பட்டிருந்தால் மட்டும்.

சூப்பாபேஸில் சர்வீஸ் ரோல் கீ என்று இன்னொன்றும் தருவார்கள். அது ஆர்எல்எஸ்ஸையே தாண்டிப் போகும். அதை சர்வரில் மட்டும் வையுங்கள். தவறுதலாக கிட்ஹப்பில் (கோடைச் சேமித்துப் பகிரும் தளம்) ஏற்றிவிட்டால், அந்த வரியை அழித்தால் போதாது. பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிப்பில்) அது இருந்துகொண்டே இருக்கும். உடனே அந்தக் கீயைச் செல்லாததாக்கிப் புதியதை உருவாக்குங்கள். மற்ற வேலை எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் வேலை செய்யட்டும், பாதுகாப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

சரியில்லை. நானும் இப்படித்தான் நினைத்தேன்.

முதல் பதிப்பில் தரவுத்தளத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்று திறந்துவைத்திருந்தேன். படிவம் வேலை செய்தது, எல்லோரும் பாராட்டினார்கள், இணைப்பு பல வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. மூன்றாவது வாரம் ஒரு கொடையாளர் கூப்பிட்டார். கல்லூரி முடித்த பெண். முன்பின் தெரியாத ஒருவர் இரவில் அவருக்குப் போன் செய்து, பெயரையும் ரத்த வகையையும் சொல்லிப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். ‘நான் உங்கள் படிவத்தில் மட்டும்தான் இந்த நம்பரைக் கொடுத்தேன்’ என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிரவே செயலியை மூடினேன். திரும்பத் திறக்க ஒரு மாதம் ஆனது. அவர் தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார், திரும்பி வரவில்லை.

பயர்ஸ்டோரில் டெஸ்ட் மோடு என்று தேர்ந்தெடுத்தால் 30 நாளுக்கு எல்லாம் திறந்திருக்கும், பிறகு தானாக மூடிக்கொள்ளும். பலர் அந்தத் தேதியைத் தள்ளிப்போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். திறந்து கிடக்கும் தரவுத்தளங்களைத் தேடுவதற்கென்றே இணையம் முழுக்கத் தானியங்கி நிரல்கள் அலைகின்றன. 2017 தொடக்கத்தில் கடவுச்சொல் இல்லாமல் கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி தரவுத்தளங்களை இப்படிக் கண்டுபிடித்து, தரவை அழித்துவிட்டுப் பணம் கேட்டு மிரட்டிய சம்பவங்கள் நடந்தன.

அதனால் இப்போதெல்லாம் படிவத்தின் முதல் கட்டத்தை வரைவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிவிடுகிறேன். வெளியாள் என்ன பார்க்கலாம்? எந்த ஊரில் எந்த வகைக்கு எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும். கொடையாளர்? தன் வரிசை மட்டும். ஒருங்கிணைப்பாளர்? தன் ஊர்க்காரர்களின் போன் எண் வரைக்கும். மொத்தப் பட்டியலையும் இறக்கிக்கொள்ளும் உரிமை யாருக்கு? எங்கள் குழுவில் இருவருக்கு. இந்தத் தாளை அப்படியே விதிகளாக எழுதினால் போதும்.

எழுதும்போது இரண்டு இடத்தில் தடுக்கி விழுவீர்கள். பயர்ஸ்டோரில் ஒரு ஆவணத்தை (ஒருவருடைய பதிவை) படிக்க அனுமதித்தால் அதிலுள்ள எல்லாப் புலங்களும் தெரியும்; போன் எண்ணை மட்டும் மறைக்க முடியாது. மறைக்க வேண்டியதைத் தனி ஆவணத்தில் வைக்க வேண்டும். இரண்டாவது, பயர்ஸ்டோர் விதி சல்லடை அல்ல. ‘எல்லோரையும் கொடு’ என்று கேட்டால், உங்களுக்கு உரிமையுள்ளதை மட்டும் பொறுக்கித் தராது, கோரிக்கையையே மறுத்துவிடும். போஸ்ட்கிரெஸ் இதற்கு நேர்மாறு: உரிமை இல்லாத வரிசைகளைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மற்றதைத் தரும். ஆர்எல்எஸ்ஸை ஆன் செய்து, பாலிசி (அனுமதி விதி) எதுவும் எழுதாவிட்டால் வெற்றுப் பட்டியல்தான் வரும். தரவு அழிந்துவிட்டதோ என்று பதற வேண்டாம்.

சோதிப்பது சுலபம். லாகின் செய்யாமல், இன்காக்னிட்டோ சன்னலில் திறந்து, பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். பிறகு ஒரு சாதாரணக் கொடையாளராக லாகின் செய்து, இன்னொருவர் வரிசையைக் கேளுங்கள். இரண்டு இடத்திலும் ஒன்றும் கிடைக்கக்கூடாது.

எந்தத் தரவுத்தளத்தை எடுப்பது? பயர்ஸ்டோரா, போஸ்ட்கிரெஸ்ஸா, மாங்கோடிபியா?

படிவத் தரவு என்றால் என் ஓட்டு போஸ்ட்கிரெஸ்ஸுக்கு. படிவம் என்பதே கட்டம் கட்டமான தரவு. அட்டவணையில் அழகாக உட்காரும். அதைவிட, பின்னால் என்ன கேள்வி கேட்கப்போகிறோம் என்பது முதல் நாளில் தெரியாது.

நடந்ததைச் சொல்கிறேன். நம் நாட்டில் ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறையும் ரத்தம் கொடுக்கலாம். ‘இந்த ஊரில் ஓ நெகட்டிவ், இன்றைக்குக் கொடுக்கக்கூடியவர்கள் யார்?’ என்ற கேள்வியைப் போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு எஸ்கியூஎல் (தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி) வாக்கியத்தில் கேட்டுவிடலாம், இடைவெளிக் கணக்கையும் அதற்குள்ளேயே போட்டுவிடலாம். பயர்ஸ்டோரில் அப்படிக் கணக்குப் போட்டுத் தேட முடியாது. பதிவு செய்யும்போதே ‘அடுத்துக் கொடுக்கக்கூடிய தேதி’ என்று ஒரு புலத்தைக் கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும், ஊர், ரத்த வகை, அந்தத் தேதி என்ற மூன்று புலத்துக்கும் சேர்த்து ஒரு இன்டெக்ஸும் (தேடலுக்கான குறிப்பட்டியல்) வேண்டும். முடியாத காரியமல்ல, ஆனால் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

செலவையும் பாருங்கள். பயர்ஸ்டோர் படித்த ஆவணங்களின் எண்ணிக்கைக்குக் காசு கேட்கும். ஒரு நாளைக்கு 50,000 வாசிப்பு இலவசம். கேட்க நிறையத்தான். 2,000 கொடையாளர் பட்டியலை முழுதாகக் காட்டும் ஒரு பக்கத்தை 25 பேர் திறந்தால் அது தீர்ந்துவிடும். பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டுங்கள். பட்ஜெட் அலர்ட் வைத்தால் மின்னஞ்சல்தான் வரும், செலவு நிற்காது. சூப்பாபேஸின் இலவசத் திட்டத்தில் வேறு சிக்கல்: ஒரு வாரம் யாரும் தொடாவிட்டால் புராஜெக்ட் தூங்கிவிடும். அவசரத்தில் ரத்தம் தேடுபவர் வரும் நாளில் அது தூங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

போனில் இணைப்பு விட்டுவிட்டு வரும் இடங்களில், ஆஃப்லைனில் எழுதி வைத்துப் பிறகு அனுப்பும் வசதி பயர்ஸ்டோரில் நன்றாக இருக்கிறது. மலைக்கிராம முகாம்களில் பதிவு செய்வதுதான் முக்கிய வேலை என்றால் நானே பயர்ஸ்டோரை எடுப்பேன். பிரவுசரில் மட்டும் அந்த வசதியை நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும்.

மாங்கோடிபி நல்ல தரவுத்தளம்தான். இந்த வேலைக்கு அது ஏன் தேவை என்று எனக்குத் தோன்றியதில்லை.

படிவத்திலேயே சரிபார்த்துவிட்டேன். சர்வரிலும் சரிபார்க்க வேண்டுமா?

வேண்டும். பிரவுசரில் செய்யும் சரிபார்ப்பு நிரப்புபவரின் வசதிக்கு. அதைச் சுற்றிக்கொண்டு நேராகக் கோரிக்கை அனுப்ப ஒரு நிமிடம் போதும். ரத்த வகை எட்டில் ஒன்றாக இருக்க வேண்டும், கடைசியாகக் கொடுத்த தேதி நாளைய தேதியாக இருக்கக்கூடாது என்பதையெல்லாம் தரவுத்தளத்திலேயே கட்டுப்பாடாக எழுதிவிடுங்கள்.

பயனர் தட்டியதை எஸ்கியூஎல் வாக்கியத்தோடு ஒட்டவைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் (படிவக் கட்டத்தில் தரவுத்தளக் கட்டளையைத் தட்டி நுழைப்பது) 1998லேயே வெளிப்படையாக எழுதப்பட்ட ஓட்டை, இன்னும் அடைபடவில்லை. வாக்கியத்தைத் தனியாகவும் மதிப்பைத் தனியாகவும் அனுப்பும் பாராமீட்டர் முறையை எல்லா மொழிகளும் தருகின்றன.

தமிழில் பெயர் பதிவு செய்தால் தேடும்போது கிடைக்கவில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று நினைத்தேன்.

‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் (கணினியில் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறை) இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பிறகு ஒகரக் குறி என்ற ஒரே குறியைப் போடலாம். அல்லது ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தரவுத்தளத்துக்கு இரண்டும் வேறு. ஒருவர் ஒரு கீபோர்டில் கொற்றவை என்று பதிவு செய்கிறார், ஒருங்கிணைப்பாளர் இன்னொரு கீபோர்டில் கொற்றவை என்று தேடுகிறார், ஆள் இல்லை என்று வருகிறது. சேமிப்பதற்கு முன்பும் தேடுவதற்கு முன்பும் எழுத்தை என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். ஜாவாஸ்கிரிப்டிலும் பைத்தானிலும் இதற்கு ஒரே வரிதான்.

என்எஃப்சியாலும் தீராத ஒன்று உண்டு. ‘கௌ’ என்பதற்குப் பதிலாக, கெ போட்டு அதன் பக்கத்தில் ளகரத்தைப் போட்டுக் ‘கெள’ என்று எழுதுவது. கெளதமன், கெளரி என்று எத்தனையோ பெயர்கள் இப்படிக் கிடக்கின்றன. யூனிகோடின் கண்ணில் அது உண்மையாகவே ளகரம், ஆகவே திருத்தாது. நாங்கள் பெயருக்குப் பக்கத்தில் தேடலுக்கென்றே இன்னொரு புலம் வைத்து, அதில் மட்டும் இதைச் சரிசெய்கிறோம். அவர் தட்டிய பெயரை அப்படியே விட்டுவிடுகிறோம். தன் பெயரை எப்படி எழுதுவது என்பது அவர் உரிமை.

நீளமும் ஏமாற்றும். கிருஷ்ணமூர்த்தி என்பது நம் கணக்கில் 8 எழுத்து. எழுத்தையும் குறியையும் தனித்தனியாக எண்ணும் படிவத்தின் நீள எல்லைக்கு அது 15. யூடிஎஃப்-8 என்ற வழக்கமான முறையில் சேமித்தால் 45 பைட், ஏனென்றால் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். பெயருக்கு 20 என்று எல்லை வைத்தால் நீளமான பெயர்கள் வெட்டுப்படும். தாராளமாக விடுங்கள். பழைய மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் யூடிஎஃப்8 என்ற பெயரில் இருப்பது 3 பைட் வரைதான் தாங்கும். தமிழ் உட்காரும், எமோஜி உட்காராது. யூடிஎஃப்8எம்பி4 என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம், முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து இரண்டையும் கட்டாயமாக்காதீர்கள். நம்மில் பலருக்குக் கடைசிப் பெயர் என்பதே கிடையாது. அப்பாவின் பெயரை எழுதலாமா, இன்ஷியலை எழுதலாமா என்று திகைத்து நிற்பார்கள். ஒரே கட்டம், ‘முழுப் பெயர்’, அவ்வளவுதான்.

போன் எண்ணை எண்ணாகச் சேமிக்கலாமா?

கூடாது, எழுத்தாகவே சேமியுங்கள். எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள 0 போய்விடும். இலங்கை மொபைல் எண்கள் 07 என்று தொடங்குவதால் அங்கே இது உடனே தெரியும். நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து ஒரே வடிவத்தில் வைப்பது நல்லது.

இணைப்பு மெதுவாக இருக்கும்போது ஒருவரே மூன்று முறை பதிவாகிறார். எப்படித் தடுப்பது?

பட்டனை அழுத்தியதும் முடக்குவது பாதித் தீர்வு. படிவம் திறக்கும்போதே பிரவுசரில் ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி, அதையும் சேர்த்து அனுப்புங்கள். தரவுத்தளத்தில் அந்தப் புலம் தனித்துவமானது என்று சொல்லிவிட்டால், அதே படிவம் எத்தனை முறை வந்தாலும் ஒரு வரிசைதான் நிற்கும்.

போன் எண்ணைத் தனித்துவமாக்கலாமே என்று கேட்பார்கள். அப்பா, அம்மா, மகள் மூவரும் கொடையாளர்கள், வீட்டில் ஒரே போன் என்ற குடும்பங்கள் எங்கள் பட்டியலிலேயே உண்டு.

கடவுச்சொல்லை எப்படிச் சேமிப்பது?

முடிந்தவரை நீங்கள் சேமிக்காதீர்கள். பயர்பேஸ், சூப்பாபேஸ் இரண்டிலும் லாகின் வசதி இருக்கிறது. நீங்களே வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பிகிரிப்ட் அல்லது ஆர்கான்2 கொண்டு ஹாஷ் செய்யுங்கள், அதாவது மூலத்தைத் திரும்ப எடுக்க முடியாத வடிவமாக மாற்றி வையுங்கள். ஓடிபி அனுப்ப நினைத்தால் எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு ஆகும். இந்தியாவில் டிஎல்டி பதிவும் (எஸ்எம்எஸ் அனுப்புபவர் டெலிகாம் நிறுவனங்களிடம் செய்வது) தேவைப்படலாம். சின்னக் குழுவுக்கு மின்னஞ்சல் இணைப்போ கூகுள் லாகினோ போதும்.

படிவத்தில் போட்டோ, ஆதார் நகல் கேட்க வேண்டும். அதை எங்கே வைப்பது?

கோப்புகளை ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (கோப்புகளுக்கான கிளவுட் கிடங்கு) வைத்து, அதன் பாதையை மட்டும் தரவுத்தளத்தில் எழுதுங்கள். பயர்ஸ்டோரில் ஒரு ஆவணமே 1 எம்பிக்கு மேல் போகாது. அந்த ஸ்டோரேஜுக்கும் தனியாக விதி எழுத வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

ஆனால் ஆதார் நகல் எதற்கு? ரத்த வங்கியில் எப்படியும் சரிபார்ப்பார்கள். உங்களிடம் இல்லாத தரவு உங்களிடமிருந்து கசியாது.

தேதி ஒரு நாள் முன்னால் பதிவாகிறது.

நேர மண்டலம்தான் காரணம். பயனர் 15ஆம் தேதியைத் தேர்ந்தெடுக்கிறார், உங்கள் கோடு அதை நம் நேரப்படி 15ஆம் தேதி நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டு யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றுகிறது. ஐந்தரை மணி நேரம் பின்னால் போனால் 14ஆம் தேதி மாலை 6.30. தேதி மட்டும் தேவைப்படும் இடத்தில் நேரமே இல்லாத தேதி வகையைப் பயன்படுத்துங்கள். பதிவான நேரம் போன்றவற்றை யூடிசியில் வைத்து, காட்டும்போது மாற்றிக்கொள்ளுங்கள்.

தரவு எந்த ஊரில் உட்காருகிறது? சட்டம் ஏதாவது உண்டா?

தொடங்கும்போது நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஊரில். கூகுளுக்கு மும்பையிலும் டெல்லியிலும், அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் மையங்கள் உண்டு. மைக்ரோசாஃப்ட் அஷ்யூருக்குச் சென்னையிலேயே இருக்கிறது. பயர்ஸ்டோரில் ஒரு முறை தேர்ந்தெடுத்த இடத்தைப் பின்னால் மாற்ற முடியாது, ஆகவே அவசரமாக ‘அடுத்து’ அழுத்தாதீர்கள்.

இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இருக்கிறது. எதற்காக வாங்குகிறோம் என்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் அழிக்க வேண்டும். மீறலின் தன்மையைப் பொறுத்து அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். டியூஷன் நடத்துபவர்கள் இதைக் கவனியுங்கள். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இதே விஷயத்துக்கானது.

ஒரு கொடையாளர் தன் பெயரை நீக்கச் சொல்கிறார். வரிசையை அழித்தால் போதுமா?

போதாது. முதலில் வரிசை. அப்புறம் ஸ்டோரேஜில் கோப்பு இருந்தால் அது, லாகின் கணக்கு, பிழைப் பதிவுகளில் அவர் எண் விழுந்திருந்தால் அதுவும். பேக்கப்பில் இருப்பதை உடனே எடுக்க முடியாது. அதனால் எங்கள் பேக்கப் 30 நாளில் தானாக அழியும்படி வைத்திருக்கிறோம். அதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். ஒருவேளை பேக்கப்பிலிருந்து தரவை மீட்க நேர்ந்தால், நீக்கப்பட்டவர்களின் அடையாள எண் பட்டியலை வைத்து மறுபடி ஓர் அழிப்பு ஓட்டுகிறோம்.

கடைசியாக, யாரோ ஒரு ஒருங்கிணைப்பாளர் முன்பு எக்செல்லாக இறக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்ட பட்டியல். அதற்கு எந்த விதியும் எழுத முடியாது. ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, அழித்தாயிற்றா என்று கேட்க வேண்டியிருந்தது. அந்த இறக்கும் பட்டனை இருவருக்கு மட்டும் என்று குறைத்தது அதற்குப் பிறகுதான்.